பெயர் கேட்ட திரை

"நம்ம வீட்டு கம்ப்யூட்டரை மாட்டினா அந்தத் திரை மூஞ்சியைத் திருப்பிக்குமாம்டா."

"அதுக்கு ஜாதகம் பொருந்தணும்" என்றான் கூட இருந்தவன்.

டீக்கடையில் நின்ற தேவசகாயத்தின் காதில் அது விழுந்தது. அவர்கள் பேசியது, மறுநாள் விற்பனைக்கு வரவிருந்த அவருடைய திரையைப் பற்றி.

சாதாரணத் திரை கணினிக்குக் காத்திருப்பதில்லை. படம் பாதி வந்திருக்கும்போதே காட்டிவிடும். விளையாட்டில் ஓடும் குதிரையின் தலை ஓரிடத்திலும் உடல் ஓரிடத்திலுமாக வெட்டுப்பட்டுத் தெரியும். ஒவ்வொரு படமும் முழுதாக வரும்வரை காத்திருக்க, தேவசகாயம் தன் திரையை மூன்று வருடம் பழக்கியிருந்தார். ஆனால் அது முதலில், கணினிக்குள் படத்தை வரைந்து அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் பெயர் கேட்கும். தங்கள் கூட்டாளி நிறுவனத்தின் கார்டு என்றால் மட்டுமே காத்திருக்கும்.

ஐம்பது வயதில் இந்த வேலைக்கு வந்தவர் அவர். கற்றுக்கொடுத்த நிலோஃபருக்கு முப்பத்தொன்று. டீக்கடையிலிருந்து நேரே அவளிடம் போனார்.

"டீச்சர், பெயர் கேட்கிறதை எடுத்துடலாமா?"

"ஏன் வெச்சீங்க?"

"கண்ட கார்டையும் மாட்டினா திரை படபடக்கும். சாயங்காலம் திரையை எல்லாம் ஏத்த லாரி வருது. எடுத்துட்டு நாளைக்குப் படபடத்தா என் மூணு வருஷமும் போச்சு."

நிலோஃபர் ஒரு திரையில் பெயர் கேட்பதை நிறுத்தினாள். இரண்டு கணினிகளை மேசை விரிப்பால் மூடினாள்.

"ஒண்ணுல கூட்டாளி கார்டு. இன்னொண்ணுல வேற. எது எதுன்னு சொல்லுங்கண்ணா."

முதல் கணினியை இணைத்தாள். குதிரை ஓடியது. பிடரியில் ஒரு மயிர்கூட வெட்டுப்படவில்லை. அவள் படம் வரும் வேகத்தைக் குறைத்தாள், கூட்டினாள், மறுபடி குறைத்தாள். நொடிக்கு நாற்பது முறை, நூறு முறை, திரை காத்திருந்தது. அத்தனை காத்திருப்பும் கண்ணுக்கு ஒரே ஓட்டமாகத் தெரிந்தது. தான் செய்த திரைதானா என்று தேவசகாயம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்க."

"கொஞ்சம் இருங்க டீச்சர். இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."

அவள் காத்திருந்தாள். பிறகு இரண்டாவதை இணைத்தாள். அதுவும் அப்படியே ஓடியது. ஆனால் வேகம் அதே நாற்பதுக்கு இறங்கியபோது திரை முழுவதும் காற்றில் பட்ட விளக்குபோல் படபடத்தது.

"இதுதான் வேற கார்டு" என்றார் அவர். "நான்தான் சொன்னேனே."

நிலோஃபர் விரிப்பை எடுத்தாள். அது கூட்டாளியின் கார்டு.

தேவசகாயம் குனிந்து அதன் மேலிருந்த எழுத்தை இரண்டு முறை படித்தார்.

"இவ்வளவு மெதுவா இதை ஓட்டிப் பார்த்தீங்களா?"

"மத்ததை எல்லாம் பார்த்தேன். இது நம்ம ஆளாச்சேன்னு விட்டுட்டேன்."

விரிப்பை மடித்து மேசைமேல் வைத்தார்.

"என் திரை என்னதான் கேட்டிருக்கணும் டீச்சர்?"

"படம் முழுசா வந்துடுச்சான்னு."

தேவசகாயம் குடோனுக்குப் போன் செய்து, இன்று லாரி வேண்டாம் என்றார். திரையின் நிரலில் பெயர் கேட்கும் வரிகளை அழித்தார். கூட்டாளியின் கார்டில் வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.