இரண்டு மூச்சு விருந்து

ஓடைக்கரைப்பட்டியில் புத்திசாலிகள் நிறைய உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆகவே கிழக்குத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த மூன்று சகோதரர்களைப் பற்றிச் சொல்கிறேன். மூத்தவன் அழகுமலை, நடுவன் சீனிச்சாமி, கடைசி வெள்ளையப்பன். மூவரும் கட்டைப் பிரம்மச்சாரிகள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்து முடிப்பவர்கள். சொன்னதை யாருமே செய்வதில்லை என்று நாம் அடிக்கடி அலுத்துக்கொள்கிறோம். சொன்னதைச் செய்கிறவர்களின் பக்கத்து வீட்டில் நாம் குடியிருந்ததில்லை, அதனால்தான்.

இவர்களுக்கு ஒரே தங்கை, பவளம். அந்த வீட்டுக்கு என்று வந்த புத்தி முழுவதும் அவளிடமே இறங்கியிருந்தது. அவளுக்கு மேலச்சுரைக்குடி ராஜபாண்டியோடு கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல்யாணச் செலவில் அண்ணன்மாரின் பெட்டி கழுவிக் கவிழ்த்த மாதிரி ஆகிவிட்டது. புது மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்துத் தலைவிருந்து வைக்க வேண்டும் என்பதை அவர்கள் மறந்தே போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா அங்காயி மறக்கவில்லை. ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை எம்மவனும் பவளமும் விருந்துக்கு வராங்க. விருந்து நல்லா இருந்துச்சுன்னு எம்மவன் வாயால சொல்லணும். சொன்னா, நல்ல நாள் பெரிய நாளுக்குப் பவளம் அங்க வரலாம். இல்லைன்னா இங்கேயே இருந்துக்கட்டும்."

பவளம் வராத தீபாவளியை மூவரும் மனதுக்குள் நடத்திப் பார்த்தார்கள். வெள்ளையப்பன் கொஞ்சம் அழுதான். அழுது முடித்ததும், சொக்கு மாஸ்டரிடம் யோசனை கேட்கப் புறப்பட்டார்கள். சொக்கு மாஸ்டர் அந்த வட்டாரத்தில் பெரிய சமையல்காரர். அன்று யாரோ வீட்டுக் காதுகுத்துக்குச் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தார்.

"கையில காசு இல்ல மாஸ்டர். ஆனா விருந்து நல்லா இருக்கணும்" என்றான் அழகுமலை.

"அது பெரிய விஷயமாய்யா?" என்றார் மாஸ்டர், கரண்டியை விடாமல். "அலங்காரத்துக்குன்னு கடையில ஒண்ணும் வாங்காதீங்க. வீட்டுல இருக்கறதையே எடுத்துத் தொங்க விடுங்க, போதும். பெரிய இலை போட்டா கொஞ்சமா வெச்சது மாதிரி தெரியும், சின்ன இலையாப் போடுங்க. ஆளு உள்ள வரும்போதே நெய்யில கறி வறுபடுற வாசனை மூக்குல ஏறணும். அந்த வாசனையிலேயே பாதி வயிறு நிறைஞ்சுரும். அப்புறம், வந்தவங்களைச் சும்மா உக்கார வெக்காதீங்க. ஏதாவது விளையாட்டு வைங்க. சிரிச்சுக்கிட்டே போயிருவாங்க."

மாஸ்டர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. கேட்டுக்கொண்ட காதுகள்தான் வேறு மாதிரி.

சனிக்கிழமை வேலை ஆரம்பமாயிற்று. வீட்டில் இருப்பதைத் தொங்கவிட வேண்டும். எதை என்று மாஸ்டர் சொல்லவில்லை. ஆகவே எல்லாவற்றையும் தொங்கவிட்டார்கள். உத்தரத்திலிருந்து அண்டா, குடம், முறம், தலையணை, சைக்கிள் டியூப், அழகுமலையின் கட்டில் எல்லாம் கயிற்றில் ஆடின. அம்மிக்கல்லுக்கு மட்டும் கடையிலிருந்து சங்கிலி கொண்டுவர வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு வாசல்படிக்கு நேர்மேலே தொங்கிற்று. கடைசியாக மூவருடைய சட்டைகளையும் வாசலில் தோரணமாகக் கட்டினார்கள்.

"நாளைக்கு எதைப் போட்டுக்கறது?" என்றான் வெள்ளையப்பன்.

சீனிச்சாமி தோரணத்தை நிமிர்ந்து பார்த்தான். "உன் சட்டைய எடுத்தா நடுவுல பொக்கையா தெரியுமேடா."

வெள்ளையப்பனுக்கும் அது நியாயமாகவே பட்டது. மூவரும் பனியனோடு விருந்து நடத்துவது என்று முடிவாயிற்று.

அடுத்து இலை. வாழை இலையைப் பாதியாக வெட்டினார்கள். சின்னதாகத்தான் இருந்தது.

"இன்னும் சின்னதாப் போட்டா இன்னும் நிறைய வெச்ச மாதிரி தெரியும் இல்லையா?" என்றான் சீனிச்சாமி.

மறுபடி வெட்டினார்கள். வெட்ட வெட்ட விருந்து பெருகிக்கொண்டே போயிற்று. கடைசியில் வாழை இலையே வேண்டாம், கொல்லையில் வெற்றிலைக் கொடி இருக்கிறது, ஆளுக்கு ஒரு வெற்றிலை போடலாம் என்று அழகுமலை தீர்ப்புச் சொன்னான். சோதனைக்காக ஒரு வெற்றிலையில் ஒரு பிடி சோற்றை வைத்துப் பார்த்தார்கள். இலையே தெரியவில்லை.

"இவ்வளவு சோத்தை ஒரு மனுசன் எப்படித் திம்பான்?" என்று வெள்ளையப்பன் கவலைப்பட்டான்.

பிறகு மிக முக்கியமான விஷயத்துக்கு வந்தார்கள்.

"வாசனையில பாதி வயிறு நிறையும்னு மாஸ்டர் சொன்னாரு. அப்ப மிச்சப் பாதிக்குச் சமைக்கணும்" என்றான் அழகுமலை.

சீனிச்சாமி நெடுநேரம் யோசித்தான். அவன் யோசிக்கும்போது மற்ற இருவரும் மூச்சுக்கூட மெதுவாக விடுவார்கள். "அண்ணே, ஒரு தடவை மோந்தா பாதி வயிறு. அப்ப ரெண்டு தடவை மோந்தா?"

அழகுமலை விரல்விட்டுப் பார்த்தான். "முழு வயிறு."

"அப்புறம் எதுக்குச் சமைக்கணும்?"

தருக்க நூல் படித்தவர்கள் இந்த இடத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கக்கூடும். அந்த வீட்டில் யாரும் படித்திருக்கவில்லை. கால் கிலோ கறியும் கொஞ்சம் நெய்யும் மட்டும் வாங்கினார்கள். தலைவிருந்து இவ்வளவு மலிவாக முடியும் என்று தெரியாமல் ஊரில் எத்தனை பேர் கடன்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அழகுமலை வருத்தப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் பவளமும் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார்கள். ராஜபாண்டி நல்ல பையன். அம்மா சொல்லைத் தட்டாதவன். "மாமியார் இல்லாத வீடுடா. அவங்க சொல்றபடி நடந்துக்க. எதைக் கொடுத்தாலும் உடனே கைய நீட்டாத, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கட்டும்" என்று அங்காயி சொல்லி அனுப்பியிருந்தாள். அதை அவன் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான். பொருத்தம் பார்த்த ஜோசியருக்கு இந்த வகையில் ஒரு பாராட்டுச் சொல்லத்தான் வேண்டும்.

வாசலில் ஏணிமேல் நின்றுகொண்டு வெள்ளையப்பன் கறியை வறுத்துக்கொண்டிருந்தான். பவளம் ஏணியைப் பார்த்தாள். மேலே ஆடிக்கொண்டிருந்த அடுப்பைப் பார்த்தாள். அதற்கும் மேலே அம்மிக்கல்லைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஓரமாக நடத்திக்கொண்டு உள்ளே போனாள்.

பந்தி போட்டார்கள். துணைக்கு அழைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலரும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு வெற்றிலை, அதில் ஒரு சிட்டிகை உப்பு. சீனிச்சாமி சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வர, அழகுமலை விசிறியோடு பின்னால் வந்தான்.

"மாப்பிள்ளை, நல்லா மூச்சை இழுங்க."

மாப்பிள்ளை இழுத்தான்.

"இன்னும் ஒரு மூச்சு."

"போதும் மச்சான்" என்றான் மாப்பிள்ளை, அம்மா சொன்னது நினைவுக்கு வந்து.

"அதெல்லாம் சொல்லக் கூடாது. எங்க வீட்டுல கூச்சப்படலாமா? சீனி, அந்த நெய்ப்பக்கத்தை மாப்பிள்ளைக்குக் காட்டு."

"ஐயோ, வேணாம் மச்சான், மூக்கு முட்ட ஆயிருச்சு."

"எனக்காக ஒண்ணே ஒண்ணு."

மாப்பிள்ளை இரண்டாம் மூச்சையும் இழுத்தான். சீனிச்சாமி உற்சாகத்தில் மூன்றாவதற்கும் சட்டியை நீட்டினான். அழகுமலை கையைப் பிடித்துத் தடுத்துவிட்டான். "வெளியூர் உடம்பு. அஜீரணமாயிரப் போகுது."

பக்கத்து வீட்டுக்காரர்கள் முறையாக மோந்து முடித்து, வீட்டில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

பவளம் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டாள். "பெரியண்ணே, கறி எங்க?"

"எந்தக் கறிம்மா?"

"சட்டியில இருந்துச்சே, அது."

"அதுவா? வாசனைய எடுத்தப்புறம் அது வெறும் சக்கைதானே. தெரு நாய்க்குப் போட்டாச்சு."

பவளம் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஆகவே அரிசியும் பருப்பும் எடுத்துக் களைந்துகொண்டு ஏணியில் ஏறினாள்.

"நிறைஞ்ச வயித்துக்கு மேல எதுக்கும்மா?" என்று கீழே இருந்து கேட்டான் வெள்ளையப்பன்.

"சும்மா, பொழுது போகலண்ணே. ஏணியைப் பிடி."

பொங்கல் வேக வேண்டும். அதுவரை மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தான். சும்மா உட்கார வைக்கக் கூடாது என்று மாஸ்டர் சொன்னது சீனிச்சாமிக்கு நினைவு வந்தது.

"மாப்பிள்ளை, கண்ணாமூச்சி ஆடலாமா? நீங்க ஒளிஞ்சுக்குங்க. நாங்க மூணு பேரும் தேடுறோம்."

மாப்பிள்ளை உடனே சரி என்று சொல்லவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டபிறகு ஒத்துக்கொண்டான்.

அண்ணன்மார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று நூறு எண்ணினார்கள். மூவரும் சேர்ந்து எண்ண வேண்டும், ஒருவன் முந்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த சட்டம். வெள்ளையப்பனுக்கு எழுபதுக்கு மேல் கொஞ்சம் வேகம் அதிகம். இவர்கள் ஒருவழியாக நூறைத் தொட்டபோது, மாப்பிள்ளை மேலச்சுரைக்குடி பஸ்ஸில் டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். அவனையும் குறை சொல்வதற்கில்லை. புது வீட்டில் ஒளிய இடம் தெரியாது. தன் வீட்டில் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு நல்ல இடம் இருப்பது சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அவன் பஸ் ஏறியதைப் பவளம் ஏணி உச்சியிலிருந்து பார்த்தாள். பொங்கலைக் கிண்டத் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன்மார் குடத்துக்குள் பார்த்தார்கள். தலையணை உறைக்குள் பார்த்தார்கள். வெற்றிலைக் கொடியை விலக்கிப் பார்த்தார்கள். பொழுது சாய்ந்தது.

"என்ன கெட்டிக்காரர் பாருங்கண்ணே, ஒரு தும்மல்கூடக் கேக்கல" என்று சீனிச்சாமி பெருமைப்பட்டான். "ஆனா பவளம் ஊருக்குத் திரும்பணுமே."

"அவரு கிடைக்காம நான் எப்படிண்ணே போறது?" என்றாள் பவளம், பொங்கலைத் தட்டில் வைத்தபடி. "கிடைக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கேன். ஒண்ணும் அவசரமில்ல. நிதானமாத் தேடுங்க."

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் அங்காயி வந்து இறங்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மூவரும் சட்டைத் தோரணத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றார்கள்.

"ஏப்பா, என்னதான் பண்ணுனீங்க எம்மவனை? விருந்து எப்படிடா இருந்துச்சுன்னு கேட்டேன். ரொம்ப நல்லா இருக்குங்கறான். இன்னும் முடியலைங்கறான். சத்தம் போடாதேங்கறான். சோத்தைத் தட்டோட தள்ளிவிடச் சொல்றான்."

நல்லா இருக்கு என்ற சொல்லைத் தாண்டி மூவர் காதிலும் எதுவும் ஏறவில்லை. வெள்ளையப்பன் மறுபடி அழுதான். இது வேறு வகை அழுகை.

"அப்ப தீபாவளிக்குப் பவளம் வரலாமுங்களா அத்தை?"

"வரட்டும், பொங்கலுக்கும் வரட்டும். சொன்ன சொல் சொன்னதுதான். இப்ப எம்மவனை வெளிய வரச் சொல்லுங்கப்பா. அவன் நேத்துலேருந்து என்..."

"சொல்லாதீங்க" என்று மூவரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"சொல்லிட்டா ஆட்டம் கெட்டுரும் அத்தை" என்றான் அழகுமலை. "எங்க மாப்பிள்ளைய நாங்களே கண்டுபிடிச்சுக்கறோம்."

"அப்படின்னா தோத்துட்டோம்னு சொல்லித் தொலைங்களேன்."

இது ஆலோசிக்க வேண்டிய விஷயமாக இருந்தது. மூவரும் தலையோடு தலை சேர்த்து யோசித்தார்கள்.

"தோத்துட்டோம்னு சொல்லலாம். ஆனா ஒளிஞ்சவர் காதுல விழணுமே" என்றான் சீனிச்சாமி. "அவர் எங்க இருக்கார்னு தெரிஞ்சாத்தானே அங்க போய்ச் சொல்லலாம்? தெரிஞ்சுட்டா நாம தோக்கலையே."

"அத்தை எப்படியும் ஊருக்குத் திரும்பணும்" என்றான் வெள்ளையப்பன். "நாம கூடவே போயி, வழியெல்லாம் கத்துவோம். எங்க இருந்தாலும் கேக்கட்டும்."

அப்படியே போனார்கள். பவளம் வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு, உள்ளே போய்க் கட்டிலைக் கீழே இறக்கி, படுத்துத் தூங்கினாள். பஸ் நின்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூவரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாப்பிள்ளை, தோத்துட்டோம், வெளிய வாங்க" என்று கத்தினார்கள். ஓர் ஊரில் யாரோ ஒரு தேர்தல் வேட்பாளர் மாலையோடு வந்துகொண்டிருந்தார். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மேலச்சுரைக்குடித் தெருமுனையில் கேட்ட அந்தக் குரலை, கட்டிலுக்கடியில் இருந்த ராஜபாண்டி உடனே அடையாளம் கண்டுகொண்டான். தோற்றுவிட்டோம் என்று சொல்லி ஆளை வெளியே வரவழைப்பது கண்ணாமூச்சியில் பழைய தந்திரம் என்பது அவனுக்குத் தெரியாதா? கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு மெல்ல நழுவினான்.

அங்காயிக்கு வழியிலேயே பொறுமை தீர்ந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அழகுமலையின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள்.

"காதைப் பொத்துவீங்க. கண்ணை எதால பொத்துவீங்க? குனிஞ்சு பாருங்கப்பா, இங்கதான் கிடக்கான்."

தொங்கிய போர்வையைத் தூக்கினாள். அடியில் ஒரு காலித் தட்டு இருந்தது.

அழகுமலை முட்டி போட்டு நிதானமாகப் பார்த்துவிட்டு எழுந்தான். கோபமாகப் பேசவில்லை. பெரியவர்களிடம் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படித்தான் சொன்னான்.

"பாத்தீங்களா அத்தை. உங்க பேச்சை நம்பியிருந்தா ஏமாந்திருப்போம்."

அங்காயி அந்தத் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு பேரு கொல்லைப் பக்கம் போங்க. ஒருத்தன் என்கூட வா. குதிருக்குள்ள பாத்துருவோம்."