பூல் மேசையில் பழகிய கை

நியாயம் பேசத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு ஒரு முடிவு சொல்லுங்கள்.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு பழைய கிளப். அங்கே கூடத்தின் நடுவில் ஸ்நூக்கர் ஆடும் பெரிய மேசையும், பின்னறையில் பூல் ஆடும் சின்ன மேசையும் கிடந்தன. இரண்டிலும் கோலால் வெள்ளைப் பந்தைத் தட்டி மற்றப் பந்துகளைப் பாக்கெட்டில் விழவைப்பதுதான் வேலை. ஆனால் பெரிய மேசையில் பந்து ஓட வேண்டிய தூரம் அதிகம். பாக்கெட்டின் வாயும் குறுகல். சின்ன மேசையில் கொஞ்சம் விலகிப் போன பந்தும் எப்படியோ உள்ளே விழுந்துவிடும். பெரிய மேசையில் பாக்கெட்டின் உதட்டில் பட்டுத் துள்ளி வெளியே வந்து நிற்கும்.

ரெனிட்டா துறைமுகத்தில் சரக்குக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். அந்தக் கிளப்பில் கோல் பிடித்த ஒரே பெண் அவள்தான். ஸ்நூக்கர் பழக வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் உறுப்பினராகச் சேர்ந்தாள். செயலாளர் அருளானந்தம் பெரிய மேசையைத் தொட அவளை விடவில்லை. மேசைமேல் புதுத்துணி போட்டிருக்கிறதாம், பழகுகிறவர்கள் கிழித்துவிடுவார்களாம். அவள் முகம் வாடியதைப் பார்த்து ஆறுதலும் சொன்னார்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. அதே ஸ்டிக்கு, அதே பந்து. பூல்ல கை பழகிட்டா ஸ்நூக்கர் தன்னால வந்துரும்."

அவள் நம்பினாள். வேலை முடிந்ததும் நேரே பின்னறைக்குப் போய் சின்ன மேசையில் குனிந்துவிடுவாள். பந்தை விழவைப்பதோடு விடமாட்டாள். அதற்குப் பிறகு வெள்ளைப் பந்து எங்கே வந்து நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு அடிப்பாள். அதே நேரத்தில் கூடத்தில் கிங்ஸ்லி என்ற இளைஞன் பெரிய மேசையில் பழகிக்கொண்டிருப்பான். ஐஸ் பேக்டரியில் சூப்பர்வைசர், நல்ல ஆட்டக்காரன். அவன் வந்து சேர்ந்த புதிதில் புதுத்துணியைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது ரெனிட்டாவுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

சென்னையில் மாநில ஸ்நூக்கர் போட்டி வந்தது. கிளப்புக்கு ஓர் இடம். உறுப்பினர் யார் வேண்டுமானாலும் ஆடலாம், ஜெயிப்பவர் போகலாம் என்று அறிவித்தார்கள். பெயர் கொடுத்தது இரண்டே பேர். மூன்று ஆட்டத்தில் இரண்டை எடுப்பவருக்கு இடம். காலமெல்லாம் பில்லியர்ட்ஸ் ஆடிய பாலகுருசாமி அண்ணாச்சி நடுவராக நின்றார்.

முதல் ஆட்டத்தில் ரெனிட்டாவின் மானம் போயிற்று. தூரத்துப் பந்துகள் ஒவ்வொன்றும் உதட்டில் பட்டுத் திரும்பின. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் காதில் அது விழுந்தது. இரண்டாவது ஆட்டத்தில் தூரத்துப் பந்துகளை அவள் தொடவே இல்லை. கிட்டத்தில் இருப்பதை மட்டும் எடுத்தாள். எடுக்க முடியாதபோது வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் மற்றப் பந்துகளுக்குப் பின்னால் ஒளித்தாள். அங்கிருந்து அடிக்க வேண்டிய பந்தைத் தொட கிங்ஸ்லிக்கு வழியே தெரியவில்லை. இரண்டாவது அவளுக்கு. மூன்றாவதில் கடைசிக் கறுப்புப் பந்து வரைக்கும் இழுத்து, அதுவும் அவளுக்கு.

கிங்ஸ்லி கைகுலுக்கினான். அருளானந்தம் எழுந்து வந்தார். பூல் வேறு, ஸ்நூக்கர் வேறு என்றார். பூல் மட்டும் ஆடிய ஒருவரை ஸ்நூக்கருக்கு அனுப்பினால் ஊர் சிரிக்கும், இன்றைக்கு ஜெயித்தது அதிர்ஷ்டம், கிங்ஸ்லியின் பெயர்தான் போகும் என்று முடித்துவிட்டார்.

ரெனிட்டா குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"மேசை கேட்டப்போ ரெண்டும் ஒண்ணுன்னீங்க சார். ஜெயிச்சப்புறம் ரெண்டும் வேறயா? எது நிஜம்னு இப்பவே சொல்லிருங்க."

அவர் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். அண்ணாச்சி சமாதானமாக ஒரு வழி சொன்னார். பெயர் அனுப்ப இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை இரண்டு பேரும் பெரிய மேசையில் சரிசமமாகப் பழகட்டும். பிறகு மறுபடி ஆடட்டும். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ரெனிட்டா மறுத்துவிட்டாள்.

"மறுபடி ஆடுனா, இன்னைக்கு ஜெயிச்சது செல்லாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் அண்ணாச்சி."

கிங்ஸ்லி கோலைத் துடைத்து உறையில் போட்டான். தோற்றவன் பெயரை அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னான். அப்படியானால் கிளப்பிலிருந்து யாருமே போகப்போவதில்லை என்று அருளானந்தம் கையை உதறினார்.

இப்போது சொல்லுங்கள். பூலில் பழகிய கை ஸ்நூக்கருக்கு உதவுமா, உதவாதா? இரண்டும் வேறு என்ற செயலாளர், மறுபடி ஆடச் சொன்ன அண்ணாச்சி, மறுத்த ரெனிட்டா, விலகிய கிங்ஸ்லி, இவர்களில் யார் செய்தது சரி?

விடை: உதவும், ஆனால் பாதிதான். குனிந்து நிற்பதும், கோல் நேரே போவதும், வெள்ளைப் பந்தை நினைத்த இடத்தில் நிறுத்துவதும் கூடவே வரும். தூரமும் குறுகிய பாக்கெட்டும் அந்த மேசையிலேயே பழகினால்தான் வரும். முதல் ஆட்டம் வராததைக் காட்டியது, மற்ற இரண்டும் வந்ததைக் காட்டின. செயலாளர் சொன்ன இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவளைத் தடுக்கிற பாதியை அவர் எடுத்துக்கொண்டதுதான் அநியாயம். அண்ணாச்சியின் யோசனை நல்லதுதான், ஆட்டத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால். ஜெயித்த பிறகு சமம் பேசுவது, ஜெயித்தவளிடமிருந்து பிடுங்குவது. ஆகவே ரெனிட்டா மறுத்தது சரி. கிங்ஸ்லி விலகியதும் சரி. உறுப்பினர்கள் கூடிப் பேசி, கடைசியில் அவள் பெயரைத்தான் அனுப்பினார்கள். சென்னையில் அவள் இரண்டாவது சுற்றிலேயே தோற்றாள், தூரத்துப் பந்துகளில்தான். ஊர் திரும்பிய மறுநாள் மாலை கூடத்துக்கு வந்து, யாரையும் கேட்காமல், பெரிய மேசையின் உறையை உருவிப் போட்டுவிட்டு, தூரத்துப் பந்து ஒன்றுக்குக் குனிந்தாள்.