மேற்கு ஜன்னலும் மீன் வீடும்

டொக்.

முதலில் அந்தச் சத்தம்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி, டொக். இன்னும் கொஞ்சம் பொறுத்து, டொக். ஆளில்லாத வீட்டுக்குள் யாரோ வேலை பார்க்கிற சத்தம்.

யார் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். பெரியவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள். சின்னவர்கள் கிட்டே வாருங்கள். தூக்கம் வராதவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்.

யானைகளுக்குப் பட்டம் கட்டிய அந்தக் காலத்தில், காயல்நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே மாடக்கண்ணு என்று ஒரு கொத்தனார். அவர் எழுப்பிய சுவரில் எறும்பு நுழைய இடம் இருக்காது. அவர் பேச்சிலும் அப்படித்தான், அடுத்தவர் சொல் நுழைய இடம் இருக்காது. அடுப்படி எங்கே, வாசல் எங்கே என்று வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் போதும், "வீடு உங்களுது. கட்டுறது நான்" என்று முடித்துவிடுவார்.

கரும்புகையார் என்ற மந்திரவாதி தனக்கொரு வீடு கட்டச் சொன்னார்.

"மேற்கே பெரிய ஜன்னல் வேணும் கொத்தனாரே. சாயங்காலம் காயல்ல சூரியன் இறங்குறதை உக்காந்து பாக்கணும். வயசாச்சு, வேற என்ன இருக்கு எனக்கு?"

"மேற்கே வெயில் அடிக்கும் சாமி. கிழக்கே வைக்கிறேன்."

மந்திரவாதி மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். ஜன்னலுக்கென்று கனத்த கண்ணாடிப் பலகைகளை வரவழைத்து, மாடக்கண்ணுவின் வாசலிலேயே இறக்கிவைத்து, மூன்றாம் முறையும் கேட்டார்.

"வீடு உங்களுது சாமி. கட்டுறது நான்" என்றார் மாடக்கண்ணு. மேற்குச் சுவரை மூடியும் விட்டார்.

மந்திரவாதியின் மூக்கிலிருந்து புகை வந்தது. "என் வீட்டுல எனக்கு ஒரு சொல்லு கிடையாதா? மீனாப் போ! ஒரு வீடு உனக்குப் பொருந்துற நாள்ல மனுஷனா வா. வடக்கேயிருந்து வாத்துக்கூட்டம் வந்து காயல்ல இறங்குறதுக்குள்ள பொருந்தலேன்னா, மனுஷனா இருந்த நினைப்பே உனக்கு அத்துப்போகும்!"

மாடக்கண்ணுவின் மனைவி பூவாத்தா தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தபோது, சாந்து குழைக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு மீன் கிடந்தது. தோசைக்கல் அகலம். கரிய உடம்பில் தணல் ஊதிவிட்டது போலச் செங்கோடுகள். தடித்த உதடு. மந்திரவாதி நடந்ததைச் சொல்லி, "சோத்தை அவனுக்கே போடு" என்று உள்ளே போய்விட்டார்.

பூவாத்தா அழுதாள். அழுதுகொண்டே மீனை அண்டாவில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அண்டாவில் அதற்கு மூக்கு ஒரு பக்கம் இடித்தது, வால் மறுபக்கம் இடித்தது. பூவாத்தா வாசலைப் பார்த்தாள். அங்கே மந்திரவாதியின் கண்ணாடிப் பலகைகள் சாய்ந்துகிடந்தன.

"ஜன்னலாத்தான் ஆகலை, வீடாவாவது ஆகட்டும்" என்றாள்.

சுண்ணாம்பும் குங்கிலியமும் சேர்த்து இடித்துப் பசையாக்கி, பலகைக்குப் பலகை ஒட்டி, ஒரு ஆள் உடம்பைக் குறுக்கிப் படுக்கும் நீளத்துக்கு ஒரு தொட்டி செய்தாள். மேற்குப் பார்த்த வாசலுக்கு உட்புறம் கல் பாவி, அதன்மேல் வைத்தாள். தண்ணீர் மகா கனம், கல்மேடை ஒரு நெல் அளவு சாய்ந்திருந்தாலும் கண்ணாடி விரிசல் விட்டுப்போகும். அதனால் புருஷனின் ரசமட்டத்தை நான்கு பக்கமும் வைத்து வைத்துப் பார்த்தாள். பிறகு கிணற்றுத் தண்ணீரைப் பளிங்குபோல நிரப்பி, மீனைத் தூக்கினாள்.

"அடியே, கொல்லப்போறியா?"

குரல் அண்டாவின் விளிம்பிலிருந்து வந்தது. மீனோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு நத்தை.

"பேசுறியா நீ?"

"மெதுவாத்தான் பேசுவேன், கேளு. அது புதுத் தண்ணி. பாக்க அழகு, இருக்க விஷம். அவன் கழிவே அவன் மூச்சை எரிச்சிடும். குளத்தடியில வழவழன்னு கிடக்குற பழைய கூழாங்கல்லை அள்ளிட்டு வா. அந்த வழவழப்புத்தான் கழிவைத் தின்னும். ஓட்டைப் பானையில போட்டுத் தொட்டிக்கு மேல கட்டு. தொட்டித் தண்ணிய மொண்டு மொண்டு அதுல ஊத்து. அதுவரைக்கும் அண்டாவுக்குக் குளத்துத் தண்ணி. அவசரப்படாதே, தண்ணி பழகட்டும்."

"வாத்து வந்துடுமே!"

"தண்ணி பழகட்டும்" என்றது நத்தை.

தண்ணீர் முதலில் கலங்கியது. கஞ்சிபோல வெளுத்தது. பூவாத்தா வானத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். பானை சொட்டிக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் தண்ணீர் தானாகத் தெளிந்திருந்தது. கிணற்றின் தெளிவு வேறு, இது வேறு. ஊரில் பலகாலம் இருந்தவர் முகம்போல ஒரு தெளிவு.

"இப்ப விடு" என்றது நத்தை.

விடும் முன்னே பூவாத்தா உள்ளே ஒரு வீடு கட்டினாள். வெள்ளை மணல் பரப்பி, அதன்மேல் கல் அடுக்கிக் கோபுரம் எழுப்பி, வரிசையாகப் பாசிச்செடி நட்டாள். மீன் இறங்கியது, ஒரு சுற்று வந்தது. பிறகு வாய் நிறைய மணலை அள்ளித் துப்ப ஆரம்பித்தது. கோபுரத்தின் அடியில் பள்ளம் விழுந்தது. கோபுரம் சரிந்தது. டொக்! கண்ணாடியில் மயிரிழை விரிசல் ஒன்று ஓடியது.

"கொத்தனார் பொண்டாட்டிதானே நீ?" என்றது நத்தை. "மணல்மேலயா அஸ்திவாரம் போடுவாங்க? தோண்டுற சாதி இது. கல்லை அடித்தளத்துல உக்கார வச்சுட்டு அப்புறம் மணலைப் போடு."

பூவாத்தாவுக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மயிரிழைக்குப் பசை பூசி, கல்லை முதலில், மணலைப் பிறகு என்று இரண்டாவது வீடு கட்டினாள். கல் நின்றது. செடிதான் நிற்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி மிதக்கவிட்டது மீன். நடக் கையை விட்டால் விரலைக் கடித்தது. கடித்துவிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து செத்ததுபோலப் படுத்துக்கொண்டது.

"ஐயோ!"

"கோவம்" என்றது நத்தை.

"அது எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளா இப்படித்தான் படுத்துப்பார்."

மூன்றாவது வீட்டுக்கு மண் சட்டிகளில் மாடம் செய்தாள், தூண் நட்டாள், செடிகளைக் கல்லோடு கட்டினாள். மீன் மாடத்தைக் கவிழ்த்தது. அவள் நிமிர்த்தினாள். அது கவிழ்த்தது. அவள் நிமிர்த்தினாள். முன்பெல்லாம் அவள் தலை தெரிந்தாலே கண்ணாடியோரம் வந்து வாயை ஆட்டும். இப்போது அவள் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. அந்தக் கண்ணில் அவளைத் தெரிந்த அடையாளம் மங்கிக்கொண்டே வந்தது.

வடக்கு வானத்தில் எங்கோ தூரத்தில் வாத்துகளின் குரல் கேட்டது.

பூவாத்தா பதறிப்போய்த் தொட்டிக்குள் கையை விட்டாள். "ஏங்க, எதுதாங்க பொருந்தும் உங்களுக்கு? மாடம் வச்சேன், தூண் வச்சேன். சும்மா இருங்களேன்! வீடு உங்களுது, கட்டுறது நான்…"

சொன்ன வாய் அப்படியே நின்றது. யாருடைய பேச்சு இது? எத்தனை வாசலில், எத்தனை பேர் முகம் இந்தப் பேச்சைக் கேட்டு வாடியிருக்கும்?



பூவாத்தா கையை வெளியே எடுத்துச் சேலையில் துடைத்தாள். "வீடு உங்களுது. கட்டுறதும் நீங்களே" என்றாள். தொட்டியின் எதிரே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பது எவ்வளவு கனத்த மனதையும் கொஞ்சம் இறக்கிவைக்கும்.

மீன் வேலையைத் தொடங்கியது. தூணைத் தள்ளியது, டொக். மாடத்தை உருட்டியது, டொக். மேற்குக் கண்ணாடியை மறைத்திருந்த கல்லையும் செடியையும் ஒவ்வொன்றாக வாயால் இழுத்து ஒதுக்கியது, டொக், டொக். நாம் முதலில் கேட்டோமே, அந்தச் சத்தம்தான். கடைசியில் அந்தக் கண்ணாடி முழுக்கத் திறந்துகிடந்தது. அதன் முன்னே மணலில் ஒரு பள்ளம் பறித்து, அதில் இறங்கி, மேற்கே பார்த்து அசையாமல் நின்றது மீன்.

வாசல் வழியாகச் சாயங்கால வெயில் வந்தது. தண்ணீர் முழுக்கப் பொன்னிறம்.

"அட! மேற்கு ஜன்னல்!" என்றாள் பூவாத்தா.

வாத்துகள் வீட்டுக்கூரைக்கு மேலே வந்துவிட்டன. இன்னும் காயலில் இறங்கவில்லை. அந்த நொடியில் தொட்டித் தண்ணீர் பொங்கித் தரையெல்லாம் ஓடியது. உள்ளே முழங்கால் மோவாயில் இடிக்க, தலையில் ஒரு பாசிச்செடியோடு, மாடக்கண்ணு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க! வெளிய வாங்க!"

"கொஞ்சம் பொறு பூவாத்தா" என்றார் அவர். "சூரியன் இறங்கிடட்டும்."

விடிந்ததும் மாடக்கண்ணு கடப்பாரையோடு மந்திரவாதி வீட்டுக்குப் போய் மேற்குச் சுவரின் முன்னே நின்றார். "எங்கே வேணும், எவ்வளவு அகலம் வேணும், நீங்க சொல்லுங்க சாமி."

கரும்புகையார் ஏற இறங்கப் பார்த்தார். "என் கண்ணாடி?"

"அது எங்க வீட்டுல பழகிருச்சு சாமி. வேற அறுத்துத் தரேன்."

மந்திரவாதி சிரித்தார். அன்று மூக்கிலிருந்து புகை வரவில்லை. தொட்டியில் பூவாத்தா ஒட்டிய மயிரிழை விரிசல் அந்தச் சிரிப்பிலேயே மறைந்துபோனதாம். சாயங்காலங்களில் கொத்தனாரும் மந்திரவாதியும் அந்தப் புது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதை ஊரே பார்த்தது.

வீட்டில், பாதி காலியான தொட்டியின் கண்ணாடியில் நத்தை மெதுவாக ஏறியது.

"எல்லாருக்கும் நல்லதாச்சு. நான் ஒருத்தி இங்க பாதித் தண்ணியில கிடக்கேன்."

"மறக்கலை, மறக்கலை" என்று பூவாத்தா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூழாங்கல் பானையை ஒரு கையால் சரிசெய்து, தண்ணீர் எடுக்கக் குளத்துக்கு நடந்தாள்.