கருவாட்டுக் கூடத்து மூக்கு

கடற்கரையை ஒட்டிய மீன்வளக் கல்லூரி ஒன்றில் ஞானதிரவியம் என்ற ஆசிரியர் கருவாட்டு ஆய்வுக்கூடம் நடத்திவந்தார். அவருடைய மூத்த மாணவன் லூர்து ஒரு மூலிகைப் பூச்சைக் கண்டுபிடித்தான். அதைத் தடவினால் கருவாட்டில் புழு வைக்காது என்று கட்டுரை வந்தது. கட்டுரையில் ஞானதிரவியத்தின் பெயரும் இருந்தது. பெருமைக்கு இருவரும் பங்காளிகள்.

பூச்சை நம்பித் தடவிய மீனவப் பெண்களின் கருவாடு கூடை கூடையாகப் புழுத்தது. லூர்து சோதனையே செய்யாமல் முடிவை எழுதிவிட்டான் என்று புகார் எழுந்தது.

ஆசிரியர் கல்லூரியில் விசாரணைக் குழு வைக்கவில்லை. எந்தக் கல்லூரிக்கும் கட்டுப்படாத தேசிய ஆய்வு நேர்மை ஆணையத்திடம் புகாரை ஒப்படைத்தார்.

இளைய மாணவி பியூலாவுக்கு மனசு கேட்கவில்லை. நேராக வந்து கேட்டாள்.

“வீட்டு விஷயத்தை ஏன் சார் வீதிக்குக் கொண்டு போறீங்க? நீங்களே விசாரிக்கலாமே. உங்களவிட நேர்மையானவங்க யாரு இருக்கா?”

“நேத்து பஸ்ல உனக்கு இடம் கிடைச்சுதா?” என்றார் ஆசிரியர்.

“கிடைச்சுது சார். பக்கத்து சீட்டுகூடக் காலிதான்.”

“கூட்டம் இல்லையோ?”

“நல்ல கூட்டம். எல்லாரும் நின்னுக்கிட்டே வந்தாங்க, யாரும் உக்காரல. ஏன்னு எனக்கும் புரியல.”

“துப்பட்டாவை மோந்து பாரு.”

பார்த்தாள். “ஒரு வாடையும் இல்லையே சார். சோப்பு வாசனைதான் வருது.”

ஆசிரியர் தன் சட்டைக் கையை மோந்து பார்த்தார். “எனக்கும் ஒண்ணும் தெரியல.”

சுற்றிலும் தட்டுத் தட்டாகக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. பியூலாவுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை நாள் பஸ்ஸில் தன் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தார்களா என்று யோசித்துப் பார்த்தாள். ஆனாலும் விடவில்லை.

“ஆணையத்துல இருக்கறவங்களும் மனுஷங்கதானே சார்? அவங்க மேலயும் ஏதாவது வாடை இருக்கும்ல?”

“இருக்கும். கருவாட்டு வாடை இருக்காது.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “புகார் உண்மைன்னு ஆயிட்டா லூர்து அண்ணன் பேரு மட்டும் போகாது. உங்க பேரும் போயிடும்.”

“போயிடும்.”

“உங்களுக்குப் பயமா இல்லையா சார்?”

ஆசிரியர் ஒரு கருவாட்டைப் புரட்டிப் போட்டார்.

“ரொம்பப் பயமா இருக்கு. அதனாலதான் நான் விசாரிக்கல.”