பிச்சாண்டியின் முழங்கை

"அம்மா, நான் யாருக்கு என்ன பாவம் பண்ணினேன்?" என்று குருவிடம் கேட்டார் பிச்சாண்டி.

லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். மனைவி போன பிறகு மலையடிவார ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். குரு கமலவேணி அவரைவிட வயதில் இளையவர். துறவுக்கு முன் தோல் மருத்துவராக இருந்தவர்.

பிச்சாண்டி சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார். முழங்கையெல்லாம் சிவந்த திட்டு. அதன்மேல் வெள்ளைச் செதில்.

"சொரியாசிஸ். இது பாவமில்லை, நோய்."

"ஒட்டுமா?"

"ஒட்டாது."

"பந்தியில என் பக்கத்துல யாரும் உட்காரலையே."

அன்று மதியம் குரு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிச்சாண்டியின் இலையிலிருந்த அப்பளத்தை ஒடித்துத் தின்றார்.

பிச்சாண்டிக்கு அப்போதும் சோறு இறங்கவில்லை.

"அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம். நான் போகப்போறதில்ல."

"மகள் என்ன சொல்கிறாள்?"

"நீங்கதான் தாரை வார்க்கணும்னு அழறா. இந்தக் கையாலயா?"



மறுநாள் விடிந்ததும் கிணற்றடியில் பிச்சாண்டி தேங்காய் நாரால் முழங்கையைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் கசிந்தது. குரு ஓடி வந்தார்.

"என்ன செய்கிறீர்கள், ஐயா?"

"உள்ள பூந்த கிருமியை விரட்டுறேன்."

"கிருமி எதுவும் புகவில்லை. உங்கள் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் அடித்து விரட்டுபவை. அவைதான் உங்கள் தோலையே எதிரி என்று நினைத்துவிட்டன. அவை கிளப்பிவிடும் பதற்றத்தில் தோல் அவசர அவசரமாக வளர்கிறது. முதிராமலே மேலே வந்து குவிகிறது. அதுதான் இந்தச் செதில்."

"என்னோடதுங்களா? என்னையேவா?"

"ஆமாம். காயம் பட்ட இடத்தில் இன்னும் மும்முரமாக இறங்கும்."

பிச்சாண்டி தேய்ப்பதை நிறுத்தினார்.

"சின்ன வயசுல எனக்கு டைபாய்டு வந்து, பொழைக்கமாட்டேன்னாங்க. அப்ப எனக்காகச் சண்டை போட்டதும் இதுங்கதானா?"

"இவையேதான்."

"அப்ப திட்டக்கூட முடியாதே, அம்மா."

"அடக்கிவைக்க மருந்து இருக்கிறது. டவுன் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன். அடியோடு போகாவிட்டாலும் தணியும்."

"கல்யாணத்துக்குள்ள தணியுமா?"

"தணியாது."

நார் மறுபடி முழங்கைக்குப் போனது.

நார் இருந்த கையைக் குரு பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தோலை எதிரியாக நினைப்பது யார் யார், ஐயா?"

"நீங்க சொன்ன அந்த அணுங்க..." என்று தொடங்கியவர், குருவின் பிடியிலிருந்த தன் கையைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கிடைக்குமா, அம்மா?"

"எதற்கு?"

"பதமா தடவிக்கிட்டு, ஊருக்கு பஸ் ஏறணும்."