காய்கள் ரயிலேறிப் போன கதை

தென்காசியில் அந்த வருஷம் ஆனி பிறந்ததும் இறங்கிய சாரல், ஆடி கழிந்து ஆவணி பிறந்தும் விட்டபாடில்லை. டெய்லர் கோமதிநாயகத்தின் வீட்டு முன்கட்டுக் கடையில் தைத்து மாட்டியிருந்த சட்டைகள் நனையாமலே ஈரமாயிருந்தன. அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்தது. காரணம், கொத்தனார் செல்லையா கையில் வெறுஞ்சாக்கோடு வாசலில் வந்து நின்றதுதான்.

செல்லையா எதிர்வரிசையில் சொந்தமாக வீடு கட்டி முடித்திருந்தார். மறுநாள் பால் காய்ச்சு. “நீரு சந்தைப் பக்கமே போகக் கூடாது. சாம்பார், அவியல், பொரியல் அம்புட்டுக்கும் என் மாடித் தோட்டத்துல இருந்துதான் காய் இறங்கும்” என்று தெருவே கேட்க வாக்குக் கொடுத்திருந்தார் கோமதிநாயகம். இப்போது மாடியில் இருந்தது கறுத்து அழுகின தண்டுகளும், பெருவிரல் தடிமனில் ஒரு கத்தரிக்காயும். அதிலும் புழு.

“வாரும், மேல போயி பறிப்போம். சமையக்காரன் காய் கேக்கான்” என்றார் செல்லையா.

“பறிக்கலாம் ஓய். முதல்ல இப்படி உக்காரும்.” கோமதிநாயகம் மிஷினை விட்டு எழுந்து, அவசரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ கொண்டு வந்த பக்கத்துக் கடை பீர்முகமது, கதை தொடங்கும் அந்தக் குரலைக் கேட்டதும் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டார்.

“இந்த வருஷத்து ஈரம் சாதாரண ஈரம்னு நினைச்சீரா? எங்க வீட்டுல அப்பளம் பொரிச்சா, சட்டியில மொறுமொறுன்னு இருக்கும். இலைக்கு வரதுக்குள்ள துணி மாதிரி தொங்கிரும். நான் நாலா மடிச்சு முகத்தைத் துடைச்சிட்டு சாப்பிட உக்காருதேன்.”

“சரி, அது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்” என்றார் பீர்முகமது.

‘எல்லா வீட்டிலும்’ என்றது கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. “உங்க வீட்டுல துடைப்பம் துளிர்த்துச்சா பாய்? எங்க வீட்டுல மூலையில சாத்தி வச்ச துடைப்பத்துல ஓலை விட்டுருச்சு. அதை வச்சுப் பெருக்க முடியல. பெருக்கப் பெருக்க அது வளருது. போன வாரம் பாளை வேற தள்ளிருக்கு!”

“காயைப் பத்திப் பேசும்வே” என்றார் செல்லையா.

“அதுக்குத்தானே வாரேன். புடலங்கொடி போட்டேன். காய் கோணிரக் கூடாதுன்னு நுனியில கல்லைக் கட்டித் தொங்க விட்டேன். நான் டெய்லருல்லா, அளவு தெரியாம இருக்க முடியுமா? இஞ்ச் டேப்பை வச்சு அளந்தேன். கண்ணாடியை மாட்டிட்டு நம்பரை வாசிக்கதுக்குள்ள, காய் டேப்பைத் தாண்டிப் போயிருச்சு. டேப்போட டேப்பை ஒட்டுப் போட்டேன். அதையும் தாண்டி மாடிச் சுவரைப் பிடிச்சு இறங்கி, தெருவைக் குறுக்கால கடந்து, மெயின் ரோட்டுக்குப் போயிருச்சு. அங்க நின்ன குற்றால பஸ்ஸோட பின்படியில நுனிக்கல்லு மாட்டிக்கிட்டு. வண்டி புறப்பட்டுட்டு. காம்பு என் வீட்டு மாடியில, நுனி மெயினருவியில குளிச்சிக்கிட்டு நிக்கி!”

“கண்டக்டர் ஒண்ணும் சொல்லலியா?” என்று கேட்டார் பீர்முகமது.

“சொல்லாம? படியில தொங்காதேன்னு சத்தம் போட்டிருக்காரு.”

பீர்முகமது சிரிப்பை அடக்க முடியாமல் தட்டை மேஜையில் வைத்தார். செல்லையா முகத்தில் மட்டும் ஒரு அசைவும் இல்லை. அதைக் கோமதிநாயகம் ஓரக்கண்ணால் பார்த்தார். நாளைக்கு இந்த மனுஷன் வெறும் சாம்பாரை ஊற்றி ஊரைச் சாப்பிடச் சொன்னால், பழி யார் தலையில் விழும்? அந்த நினைப்போடு தன் தலையைத் தடவினவருக்கு அடுத்த வழி கிடைத்துவிட்டது.

“செடியை விடும், என் தலையைப் பாரும். இருபது வருஷமா எந்த எண்ணெயைத் தேய்ச்சும் ஒரு முடி எட்டிப் பாக்காத மண்டை. இந்தச் சாரல்ல பாசி பிடிச்சுப் பச்சைப்பசேல்னு ஆயிட்டு. எவனோ தக்காளியைக் கடிச்சு விதையைத் துப்பியிருக்கான் போல, மறுநாளு தலையில நாத்து! சலூனுக்குப் போறேன், அவன் கத்திரியைக் கீழ வச்சிட்டு, ‘அண்ணாச்சி, வெட்டவா, பந்தல் போடவா’ன்னு கேக்கான்.”

“பந்தல் போட்டீரா?” என்றார் பீர்முகமது.

“எங்க? ஒரு காக்கா வந்து உக்காந்து, அதுக்கே இந்த இடம் பிடிக்காம நாத்தைப் பிடுங்கிட்டுப் போயிட்டு. என் தலையில விளையணும்னா விதிக்கே மனசு வர மாட்டேங்கு.”

“கோமதி அண்ணாச்சி,” செல்லையா மெதுவாகச் சொன்னார், “காய் எங்க?”

இனி சுற்றிப் போக வழியில்லை. கோமதிநாயகம் குரலைத் தாழ்த்தினார்.

“முந்தாநாள் மத்தியானம் மேகம் விலகிச் சுள்ளுன்னு வெயில் அடிச்சுதுல்லா? என் செடியெல்லாம் சாரல்லயே பிறந்து வளந்த பிள்ளைக. சூரியன்னு ஒண்ணு உண்டுன்னே அதுகளுக்குத் தெரியாது. பயந்து போச்சு! முதல்ல வெண்டை குதிச்சுது. பின்னாலயே கத்தரி. பூசணி நடக்க முடியாம படியில உருண்டே வந்துட்டு. நான் கையை விரிச்சிக்கிட்டு மறிக்கேன், என்னைத் தள்ளிட்டுப் போகுது. நேரா ஸ்டேஷனு. கொல்லம் ரயிலு புறப்படுத நேரம். மலைக்கு அந்தப் பக்கம் மழை விடாதாம், அம்புட்டும் ஏறிட்டு. கடைசிப் பெட்டி ஜன்னல்ல இருந்து ஒரு பாவக்கா மட்டும் என்னைத் திரும்பிப் பாத்துச்சு. வளத்த பாசம்!”

சொல்லி முடித்தபோது அவர் கண்ணே கலங்கிவிட்டது. பின்கட்டு வாசலில் வளையல் சத்தம் கேட்டது. மனைவி சண்முகவடிவு இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

“செல்லையாண்ணே, ஒண்ணும் ரயிலேறல. அத்தனையும் வேரழுகிச் செத்துப் போச்சு. கொட்டுத சாரல்ல, ஒரு கையில குடையும் ஒரு கையில வாளியுமா, காலையிலயும் சாயங்காலமும் செடிக்குத் தண்ணி ஊத்துன ஒரே ஆளு இவுகதான். வேண்டாம்னு சொன்னா, ‘தோட்டக்காரன் நான்’னு சொல்லுதாவ.”

பீர்முகமது சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோமதிநாயகம் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் நேராக்கிக்கொண்டார்.

“குடை எனக்கில்ல வடிவு. செடிக்குப் பிடிச்சேன். மழைத்தண்ணி பட்டா சளி பிடிச்சிரும்லா?”

பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் நின்று, செல்லையாவைப் பார்த்தார். “மன்னிச்சிரும்வே. ஒரு ஆட்டோவப் பிடிச்சு இப்பவே சந்தைக்குப் போவோம்.”

“எதுக்கு? காய் நேத்தே வாங்கியாச்சு” என்றார் செல்லையா. “என் வீட்டுச் சாரத்து மேல நின்னு பூச்சு வேலை பாத்தவனுக்கு உம்ம மாடி தெரியாதா? குடையும் வாளியுமா நின்னதை தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

கோமதிநாயகத்துக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது. “பின்ன ஏன்வே இவ்வளவு நேரமும் ஒண்ணும் தெரியாத மாதிரி காய் எங்க, காய் எங்கன்னு என்னைப் போட்டுப் பிழிஞ்சீரு?”

செல்லையா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

“காத்துல கேபிள் வயர் அறுந்துட்டு. வீட்டுல டிவி ஓடலை.”