இருபது நிமிட ஈரம்

தூத்துக்குடிப் பக்கம், உப்பளத்தை ஒட்டிய ஒரு வீட்டில் ஒரு காலத்தில் உப்பு குடியிருந்தது. ஜாடியில் அல்ல; முத்தாரம்மாளின் இரண்டு கண்களுக்கும் கீழே.

பகலெல்லாம் அவள் பாத்தியில் நின்று உப்பு வாருவாள். உப்பு வெள்ளை வெளிச்சமாக அவள் கண்ணைக் குத்தும். காற்றில் தூசாக வந்து இமைக்கடியில் உட்காரும். அங்கிருந்த நீரையெல்லாம் குடித்துத் தீர்க்கும். தோல் வறண்டு, சிவந்து, தடித்துக் கிடக்கும்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "என்னட்டி, அழுதியா?"

"இல்ல, உப்பு" என்பாள். யாரும் நம்ப மாட்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் வேறென்ன செய்வாள் என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் அழுகையோ அவன் செத்துப்போன வருஷத்து மழையோடு தீர்ந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு எட்டு வருஷமாக அவள் அழவே இல்லை.

இப்போது உப்பு லாரி ஓட்டும் சண்முகவேல் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு, அவளும் சரி என்றிருந்தாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். அவளுக்கு ஒரே பயம். அன்றைக்கும் யாராவது அதே கேள்வியைக் கேட்பார்கள். மனசில்லாமல் கட்டுகிறாள் என்று பேசுவார்கள். அவன் காதிலும் அது விழும்.

கூட வேலை செய்யும் லூர்துமேரிதான் புதன்கிழமை ஒரு பாக்கெட்டோடு வந்தாள்.

"கண்ணுக்குக் கீழ ஒட்டுற பேட்ச்சு. ஃபேன்ஸி ஸ்டோர்ல தொங்குச்சு. ஒரு காப்பி, ரெண்டு வடை விலைதான். ரெண்டு ஜோடி இருக்கு. ஒண்ண இன்னிக்கு ஒட்டிப் பாரு, ஒண்ண கல்யாணத்துக்கு வச்சுக்க."

"இம்புட்டு மலிவா இருக்கே, கண்ணு போயிராதே?"

"உங் கண்ணு இதுக்கு மேல எங்கட்டி போவப் போவுது!"

பாக்கெட்டைத் தண்ணீர்ப் பானையின் மூடிமேல் குளிர்ச்சியாக வைத்துவிட்டு லூர்துமேரி போனாள். தண்ணீர் மொள்ள முத்தாரம்மாள் குனிந்தபோது உப்பு பாக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தது. ஆளுக்கொரு உறையில், நுங்குச் சுளை மாதிரி வழவழவென்று இரண்டு ஜோடிகள்.

"ஏலே, நீங்களா என்னைக் கிளப்பப் போறிய?" என்று சிரித்தது உப்பு. "நான் கடலையே குடிச்சவன்."

"நீங்க குடிக்கிறவரு. நாங்க குடுக்கிறவங்க" என்றது மூத்த ஜோடி. இளைய ஜோடி பயத்தில் உறைக்குள் ஒடுங்கிக்கொண்டது.

அன்று சாயங்காலம் முத்தாரம்மாள் மூத்த ஜோடியை எடுத்து ஒட்டிக்கொண்டு படுத்தாள். அது தன் நீரைத் தாராளமாக அவிழ்த்துவிட்டது. தோல் ஆவலோடு வாங்கிக்கொண்டது. இருபது நிமிடத்தில் உப்பு ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது.

அங்கேதான் தவறு நடந்தது. உறையின் பின்னால் சின்னதாகக் கடிகாரப் படம் போட்டு இருபது என்று எழுதியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. பாத்தியில் விட்ட தண்ணீர் வற்ற வற்றத்தான் உப்பு விளையும், அவசரப்பட்டுக் கை வைத்தால் ஒன்றும் தேறாது என்று பழகிய உடம்பு அவளுடையது. இதுவும் வற்றட்டும் என்று அசையாமல் கிடந்தாள்.

பேட்ச் காயத் தொடங்கியது.

"தொண்டை வறளுதா?" உப்பு மெல்ல நெருங்கி வந்தது. "நீ குடுத்ததுதானே. திரும்ப எடுத்துக்க. யார் கேக்கப் போறா?"

"மாட்டேன்" என்றது பேட்ச். ஆனால் ஒரு மணி நேரத் தாகம் அதன் வாயைத் திறந்துவிட்டது. கொடுத்ததைக் குடித்தது, கொடுக்காததையும் சேர்த்துக் குடித்தது.

மறுநாள் காலையில் லூர்துமேரி அவளைப் பார்த்ததும் பதறிப்போனாள். "ஏட்டி, அழுதியா?"

நீயுமா என்பதுபோல் முத்தாரம்மாள் பார்த்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"வத்த விட்டு வாருறதுக்கு இது என்ன பாத்தியாட்டி? ஈரம் இருக்கும்போதே எடுக்கணும். கூறு கெட்டவ!"

அன்று பகல் முழுக்க, சருகாய்ச் சுருண்டு கிடந்த மூத்த ஜோடி பானை மூடியிலிருந்து இளையதிடம் சொன்னது: "நான் கெட்டவன் இல்ல. இறங்க வேண்டிய நேரத்துல இறங்கல. அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை காலை. நாற்காலியில் சாய்ந்திருந்த முத்தாரம்மாளின் கண்ணுக்குக் கீழே இளைய ஜோடி ஏறிற்று. நடுங்கிக்கொண்டே ஏறினாலும், தோலைத் தொட்டதும் தன் நீரை மடை திறந்ததுபோல் விட்டது. உப்பு காலூன்றப் பார்த்தது, கால் வழுக்கிற்று. மேலே ஏறப் பார்த்தது, கரைந்தது. கடைசியில் இமை விளிம்பில் ஒரு துணுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

லூர்துமேரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பூ வந்தது. கட்டியிருந்த சரம் அறுந்திருப்பதைப் பார்த்துப் பூக்காரியோடு வாசலில் சண்டைக்கு நின்றவள் மற்றதை மறந்தாள். இருபதாவது நிமிடம் வந்தது.

"இறங்கிராத" என்று தொங்கியபடியே குழைந்தது உப்பு. "இன்னும் கொஞ்ச நேரத்துல பட்டுச்சேலை, மாலை எல்லாம் வரும். நீ குளிரவச்ச முகத்துக்குத்தானே கல்யாணம்? அதப் பாக்க ஒனக்கு ஆசையில்லையா?"

"ஆசைதான்" என்றது பேட்ச். "ஆனா எங்கிட்ட இன்னும் ஈரம் இருக்கு. இருக்கும்போதே போறேன்."

வலதும் இடதுமாக அது பிடியை விட்டது. கன்னத்தில் வழுக்கி மடியில் விழுந்தது.

"ஏய், அதுவா விழுந்துட்டு!" முத்தாரம்மாள் கண்ணாடியை எடுத்தாள். பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். "லூர்து... இங்க வாயேன். இது நானா?"

பதிவாளர் அலுவலகத்தில் சண்முகவேலின் தங்கை அருகே வந்து உற்றுப் பார்த்தாள். முத்தாரம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"என்ன மைனி, நல்லாத் தூங்கி முழிச்ச பச்சப்புள்ள கணக்கா இருக்கிய! எங்கண்ணன் குடுத்து வச்சவன்தான்."

ஒருவரும் கேட்கவில்லை. ஒருவரும் உச்சுக் கொட்டவில்லை. அவள் நிமிர்ந்து போய்க் கையெழுத்துப் போட்டாள். சண்முகவேல் மாலையைப் போட்டான். லூர்துமேரி குலவையிட்டாள். அந்த அறையே திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் முத்தாரம்மாளின் கண் நிறைந்து வழிந்தது. இமை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசி உப்பு, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல், கன்னத்தில் உருண்டு, மாலைக்குள் விழுந்து காணாமல் போனது.

சண்முகவேல் குனிந்து மெதுவாகக் கேட்டான். "அழுதியா?"

எட்டு வருஷத்தில் முதல் முறையாக அவள், "ஆமா" என்று சொல்லிச் சிரித்தாள்.